கரையில் தீர்ந்த வழக்குகளும் கரைக்கு வராத வழக்குகளும்

விழா மலர் என்றால் அதில் சங்க வரலாறு ஒன்று இருக்கும். முதல் தலைவர் யார், கட்டடம் எந்த ஆண்டில் எழுந்தது, வலைக்கடன் எத்தனை பேருக்குக் கிடைத்தது, பனிக்கட்டி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியவர் யார் என்று அது நடக்கும். அந்த வரலாறும் வேண்டியதுதான். அதை எழுதுவதற்குப் பதிவேடுகளை வைத்திருக்கும் செயலாளர்மார் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு. வன்னிக் கரையில் கடல் வளத்துக்காகச் சண்டை மூண்டபோதெல்லாம் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் என்ன செய்தன என்பதே என் பொருள். சங்கம் எதற்கு இருக்கிறது என்பது கடன் கொடுக்கிற நாளில் தெரியாது. ஒருவருடைய வலையின்மேல் இன்னொருவர் வலை விழுந்த நாளில்தான் தெரியும்.

வன்னிக்கு இரண்டு கடல். கிழக்கே சுண்டிக்குளம் தொடங்கி மாத்தளன், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், முல்லைத்தீவு, சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என்று இறங்கும் வங்காள விரிகுடாக் கரை ஒன்று. மேற்கே கவுதாரிமுனை, கிராஞ்சி, வலைப்பாடு, இரணைமாதாநகர், நாச்சிக்குடா என்று பாக்குக் குடாவைப் பார்த்திருக்கும் பூநகரிக் கரை மற்றது. வவுனியாவுக்குக் கடல் இல்லை. அங்கே குளத்து மீனும் நன்னீர் மீனவர் சங்கங்களும் உண்டு. குளத்தில் யார் குஞ்சு விட்டார், யார் பிடித்தார் என்ற வழக்கும் அங்கே உண்டு. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

கிழக்குக் கரையின் பழைய தொழில் கரைவலை. வள்ளத்தில் வலையை ஏற்றிச்சென்று கடலில் வளைத்துவிட்டு, இரண்டு தலைக்கயிற்றையும் கரையில் நின்று இழுக்கும் தொழில். வலை சம்மாட்டியுடையது. மீன் எங்கே நிற்கிறது, எப்போது வளைக்கவேண்டும் என்று நீரின் நிறம் பார்த்துச் சொல்பவர் மண்டாடி. இழுப்பவர்களுக்குப் பங்கு. எல்லாக் கரையிலும் இழுக்க முடியாது. அடியில் கல்லில்லாத, மணல் சரிவான இடம் வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் பாடு. பாடு குறைவு, வலை கூட. ஆகவே முறை வைத்தார்கள். இன்று ஒருவர் வலை, நாளை அடுத்தவர் வலை. ஒரு வலை வளைத்துக்கிடக்கும்போது அதன் வாய்க்கு முன்னால் வேறொருவர் வலை போடக்கூடாது. இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே கரையில் நடந்த ஏற்பாடுகள். முறை தப்பினவர் ஊர்ப் பெரியவர்கள் முன் நின்றார். கத்தோலிக்கக் கிராமமென்றால் பங்குத்தந்தையும் அந்த இடத்தில் இருந்தார்.

கடலுக்கு அப்பால் நாகப்பட்டினம் பக்கத்தில் இந்த வேலையை இன்றும் ஊர்ப் பஞ்சாயத்து செய்கிறது. எங்கள் கரையில் அது கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு வந்துசேர்ந்தது. இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் 1911இல் வந்தது; மீன்பிடிக்கென்று திணைக்களம் 1941இல் வந்தது. நைலோன் வலையும் இயந்திரமும் பின்னர் கண்ணாடியிழைப் படகும் வந்தபோது அவற்றை மானியத்திலும் கடனிலும் கொடுக்க அரசுக்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. சங்கம் அந்த வாசலாயிற்று. மண்ணெண்ணெய், வலைக்கடன், படகுப் பதிவுக்கான கடிதம் எல்லாம் சங்கத்தின் வழியாக வந்தன. வழக்குத் தீர்க்கும் அதிகாரத்தை யாரும் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் நாளைக்கு எண்ணெய்க்கும் கடிதத்துக்கும் வந்து நிற்கவேண்டியவர், இன்றைக்குத் தலைவர் கூப்பிட்டால் வராமல் இருக்கமாட்டார். சங்கத்தின் தீர்ப்புக்கு இருந்த பலம் அவ்வளவுதான். அது சிறிய பலம் என்று நான் நினைக்கவில்லை. வலை அறுந்ததற்கு நட்டம் கட்டவைப்பது, முறை மீறிய படகைச் சில நாள் கரையில் ஏற்றிவைப்பது, ஒற்றையிழைத் தங்கூசி வலையைத் தடுப்பது, இரு கிராமங்களின் எல்லையைப் பேசி முடிப்பது என்று பொலிஸ் நிலையத்துக்குப் போகாமல் தீர்ந்தவை ஏராளம். கிராமச் சங்கத்தில் தீராதது, பல சங்கங்கள் சேர்ந்த சமாசத்துக்குப் போகும். சமாசத்தில் இரு கிராமத்தாரும் ஒரே மேசையில் இருப்பார்கள்.

போர் இந்த மேசையை உடைத்துப்போட்டது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், நாயாறு கரைகளில் சிங்கள மீனவர்களும் தமிழ்க் கிராமத்தவர்களும் கொல்லப்பட்டார்கள். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டே வெளியேறினார்கள். பிறகு கடல் தடை வலயமாயிற்று. எண்ணெயும் இயந்திரமும் வன்னிக்குள் வரத் தடை. 2002 சமாதான காலத்தில் தொழில் சற்று நிமிர்ந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் கடலே வந்து முல்லைத்தீவுக் கரையை வழித்துச் சென்றது. உதவியாகக் கிடைத்த புதுப் படகுகள் ஐந்து வருடம்கூட நிற்கவில்லை. 2009 மே மாதத்தில் அந்தக் கரையில் எஞ்சியிருந்த எதையும் படகென்று சொல்ல முடியாது. இடம்பெயர்ந்தவர்கள் இருந்த மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதுவரை ஒவ்வொரு கிராமமாகத் திரும்பி வந்தவர்கள் மரத்தடியில் கூடித் தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவுசெய்து சங்கத்தை மறுபடி தொடங்கினார்கள். வீட்டுக்குக் கூரை வருமுன்பே சங்கத்துக்கு நிர்வாகம் வந்த கிராமங்கள் உண்டு.

அந்த நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 2010 அளவில் கடற்றொழில் அமைச்சு கிராமிய மீனவர் அமைப்புகளைத் தன் கீழ் உருவாக்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் மாகாணக் கூட்டுறவுத் திணைக்களத்தின் கீழ். புதியவை கொழும்பு அமைச்சின் கீழ். ஒரே கரையில் இரண்டு முத்திரை. மானியம் எதன் வழியாக வரும், படகுப் பதிவுக்கு யாருடைய கடிதம் செல்லும் என்ற குழப்பம் பல இடங்களில் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நிர்வாகச் சில்லறை. என் கணக்கில் சங்கத்தின் தீர்ப்பு வலு குறைந்ததற்கு இது பெரிய காரணம். கடிதம் வாங்க இன்னொரு வாசல் திறந்தவுடன், தலைவர் கூப்பிட்டால் வரவேண்டிய கட்டாயமும் போய்விட்டது.

இனி நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வருவோம். வடகீழ்ப் பருவக்காற்றான வாடைக் காலத்தில் எங்கள் கிழக்குக் கடல் குழம்பும். தென்மேல் பருவக்காற்றான சோழகத்தில் அது படுக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மேற்குக் கடலுக்கு இது நேர்மாறு. ஆகவே சோழகம் தொடங்கினால் மேற்குக் கரை மீனவர்கள் கிழக்குக்கு வந்து வாடி என்னும் பருவக் குடிசை அடிப்பதும் வாடைக்கு முன் திரும்புவதும் பல தலைமுறை வழக்கம். உடப்புத் தமிழரும் வந்தார்கள்; நீர்கொழும்புக் கத்தோலிக்கரும் வந்தார்கள், அவர்களில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் பலர். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முல்லைத்தீவே திரளும் வைகாசிக்குள் அவர்களுடைய வாடிகள் எழுந்துவிடும். வருகிறவர் உள்ளூராரைக் கேட்டு வந்தார். கருவாடு விற்பனையில் உள்ளூருக்கும் வருமானம் இருந்தது. காற்றே வகுத்த ஏற்பாடு என்பதால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

போருக்குப் பின் வந்தது அந்த வழக்கம் அல்ல. உள்ளூரார் முகாமில் இருந்த காலத்திலேயே நாயாற்றிலும் கொக்கிளாய் முகத்துவாரத்திலும் வாடிகள் எழுந்திருந்தன. கேட்பதற்கு ஊரில் ஆள் இல்லை. திரும்பி வந்தவர்கள் தங்கள் பாட்டில் வேறொருவர் வலை இழுப்பதைக் கண்டார்கள். காட்டுவதற்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் இல்லை; எல்லாம் போரோடு போயிற்று. வந்தவர்களிடம் கொழும்பில் கொடுத்த பத்திரம் இருந்தது. பருவம் முடிந்தாலும் எல்லோரும் திரும்பவில்லை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் படகுகள் வந்தன என்பதும், இரவில் கடலுக்குள் வெளிச்சம் பாய்ச்சி மீனைக் கூட்டிச் சுருக்குவலையால் வாருகிறார்கள் என்பதும் சங்கங்களின் நீண்டகால முறைப்பாடு. உழவு இயந்திரம் பூட்டிக் கரைவலை இழுப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. இருபது முப்பது பேர் இழுத்த கயிற்றை இயந்திரம் இழுத்தால் அந்த இருபது முப்பது பங்கும் இல்லாமல் போகும்.

சங்கங்கள் செய்தவற்றைக் காலவரிசையில் பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும். முதலில் பேச முயன்றார்கள். பிறகு கடற்றொழில் பரிசோதகரிடம் முறைப்பாடு, அரச அதிபருக்கு மகஜர், மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் பேச்சு. கூட்டக் குறிப்புகளில் ஏறிய பிரச்சினை அடுத்த கூட்டத்துக்கும் அதே சொற்களில் ஏறியது. 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவு நகரில் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்கள அலுவலகத்தின் முன்னால் மீனவர்கள் திரண்டார்கள். கோரிக்கை ஒன்றே: சட்டவிரோதத் தொழிலை நிறுத்து. போராட்டம் நாட்கணக்கில் நீண்டது. அம்மாதம் 13ஆம் திகதி இரவு நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் அவற்றோடு படகுகள், இயந்திரங்கள், வலைகளும் எரிந்தன. மறுநாள் கரையில் நின்றவர்களுக்குக் கோபம் இருந்தது. திருப்பி எரிக்கவேண்டும் என்ற பேச்சும் எழுந்திருக்கும். எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது நடக்கவில்லை. சங்கங்கள் பொலிஸ் முறைப்பாட்டுக்கும் நட்டஈட்டுக்கும் போயின. சங்கங்களின் வரலாற்றில் இதைவிட முக்கியமான முடிவு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அடிக்கல் நாட்டிய திகதிகளைப் போல இதையும் யாராவது பதிந்துவைக்க வேண்டும்.

இந்த இடத்தில் தெற்கின் ஒரு கதையையும் சொல்லவேண்டும். தங்காலைக்குப் பக்கத்தில் மாவெல்ல என்ற கரைவலைக் கிராமம். அங்கேயும் பாடு குறைவு, முறை உண்டு, முறை ஒழுங்காக நடந்தது. ஆனால் புதிது புதிதாக வலை சேர்வதை யாராலும் நிறுத்த முடியவில்லை. வலை எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருந்தும், செல்வாக்குள்ளவர்கள் அரசியல்வாதிகளைப் பிடித்து அதைச் செயல்படவிடாமல் செய்தார்கள். பல மடங்கு வலை பெருகி ஆளுக்கு வந்த பங்கு தேய்ந்தது. பொதுவளங்களை ஊர்மக்களே ஆளமுடியும் என்று காட்டிப் பொருளியலுக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற முதல் பெண்மணி எலினோர் ஒஸ்ட்ரோம். 1990இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் தோற்றுப்போன ஏற்பாடுகளுக்கு எடுத்த உதாரணங்களில் ஒன்று இந்த மாவெல்ல. தெற்கின் கரையிலும் இதே நோய் இருந்திருக்கிறது. பிணக்கை வெறும் தமிழ்–சிங்களச் சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் கொக்கிளாய் முகத்துவாரத்தில் காணிப் பிரச்சினையும் விகாரைப் பிரச்சினையும் வலையோடு சேர்ந்து வந்திருக்கும்போது, இது வெறும் மீன் சண்டை என்று சொல்பவர்களும் பாதிதான் பார்க்கிறார்கள்.

அடுத்தது றோலர், இந்திய இழுவைப் படகு. பாக்குக் குடாவில் இராமேஸ்வரம், மண்டபம் படகுகள். கிழக்கில் நாகப்பட்டினம், காரைக்கால் படகுகள். 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் கோடு கிழித்தன. போர்க் காலத்தில் எங்கள் மீனவர் கரையில் அடைபட்டிருக்க, அந்தக் கோடு இல்லாததுபோல் ஆகி இழுவைமடித் தொழில் இந்தப் பக்கத்துக்குப் பழகிப்போயிற்று. 2009க்குப் பின் எங்கள் மீனவர் மறுபடி வலை போடத் தொடங்கியபோது மோதல் வந்தது. பின்னேரம் விட்ட வலையை இரவில் றோலர் இழுத்துப்போகும். விடிந்தால் மிதவை மட்டும் இருக்கும், சில வேளை அதுவும் இராது. நட்டஈடு கேட்பதற்குப் படகின் இலக்கம் வேண்டும். இருட்டில் இலக்கம் எப்படித் தெரியும்? இராமேஸ்வரத்துப் படகுகள் கிழமையில் மூன்று நாள், திங்களும் புதனும் சனியும் இறங்கும் என்பது தெரிந்ததால், இக்கரையில் பலர் அந்த நாள்களில் வலை விடுவதையே நிறுத்தினார்கள். கிழமையில் பாதி இப்படிப் போயிற்று.

இதில் சங்கங்களுக்கு இருந்த மனச்சங்கடத்தை வெளியூரார் அறியமாட்டார்கள். எதிரே வருபவர் தமிழர். எங்களுக்காகத் தெருவில் இறங்கிய ஊர்களின் பிள்ளைகள். மேடைகளில் தொப்புள்கொடி உறவு என்பார்கள். அந்த உறவை மறுக்காமலே, றோலரை மட்டும் நிறுத்து என்று கேட்கும் பேச்சை வடபகுதி மீனவர் அமைப்புகள் கற்றுக்கொண்டன. 2010 ஓகஸ்டில் தமிழக மீனவர் குழு இலங்கைக்கு வந்தபோது ஒரு வருடத்தில் இழுவைமடியைக் கைவிடுவதாக உடன்பாடு வந்தது. வருடம் போயிற்று, றோலர் போகவில்லை. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும், 2015இல் மறுபடி சென்னையில், 2016 நவம்பரில் புதுடில்லியில் என்று பேச்சு இடம் மாறிக்கொண்டிருந்தது. படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டம் இந்தியாவில் 2017இல் வந்தது, மெதுவாகத்தான் நகர்ந்தது.

பேச்சு தீர்க்காததைச் சட்டம் தீர்க்கட்டும் என்று அடுத்த வழி. அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் ம. ஆ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் 2017 ஜூலையில் நிறைவேறி, 11ஆம் இலக்கச் சட்டமாகி, இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டம் 17.5 கோடி ரூபா வரை உயர்ந்தது. முதற்சட்டத்தின் சிறப்பு, அது முதலில் எங்கள் பக்கத்து இழுவைப் படகுகளைத்தான் தடுத்தது. வடக்கில் சில இடங்களில் உள்ளூராரும் மடி இழுத்தார்கள். தன் வீட்டில் இழுத்துக்கொண்டு அயல்வீட்டாரை இழுக்காதே என்று சொல்ல முடியாது. அந்தத் தடையை மீனவர் அமைப்புகளே கேட்டு வாங்கின. வாங்கியதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2021 ஒக்டோபர் 17இல் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுப் போராட்டம் நடந்தது. கறுப்புக்கொடி கட்டிய படகுகள் கரையோரமாக வடக்கு நோக்கிப் போயின. வழக்கமாக மாவட்டச் செயலகமான கச்சேரி வாசலில் நடக்கும் போராட்டம் அன்று பிணக்கு நடக்கும் இடத்துக்கே போயிற்று.

பூநகரிக் கரையில் கதை வேறு. இரணைதீவு மக்கள் 1992இல் தீவைவிட்டு வெளியேறி இரணைமாதாநகரில் இருந்தார்கள். தீவில் கடற்படை. தீவைச் சுற்றிய ஆழமற்ற கடல்தான் அவர்களுடைய சேமிப்பு: நண்டு, சங்கு, கடலட்டை. அட்டையும் சிப்பியும் பொறுக்குவதில் பெண்களுக்குத் தனி வருமானம் இருந்தது. 2017 மே முதலாம் திகதி தொடங்கிய தொடர் போராட்டத்தில் முன்னால் இருந்தவர்கள் பெண்கள். ஒரு வருடம் நெருங்கியும் முடிவு வரவில்லை. 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறித் தாங்களே தீவுக்குப் போய் இறங்கி, தேவாலயத்தில் தங்கிவிட்டார்கள். அனுமதி பிறகு வந்தது. சங்கங்களின் மகஜர்களால் முடியாததை அந்தப் படகுப் பயணம் செய்தது. சங்க நிர்வாகங்களில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று அந்த வருடமே கேட்டிருக்கவேண்டும்.

தீவு திரும்பிக் கிடைத்த கடலில் அடுத்த பிணக்கு அட்டைப் பண்ணை. 2021இல் கவுதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள நிறுவனம் ஒன்றின் பண்ணையை அவ்வூர் மீனவர்கள் கேள்விக்குட்படுத்தியபோது அது நாடறிந்த செய்தியாயிற்று. 2022 ஜூனில் வடக்கிலும் மட்டக்களப்பிலுமாக 5,000 ஏக்கரில் வணிக அட்டை வளர்ப்புக்கு அமைச்சரவை அனுமதி வந்தது. ஆழமற்ற கடலில் கம்பு நட்டு வலையடைத்தால் அதற்குள் இறங்கக்கூடாது. அங்கே முன்பு சிறகுவலை கட்டியவர், இறால் பிடித்தவர், நடந்துபோய் அட்டை பொறுக்கிய பெண் எல்லோரும் வேலிக்கு வெளியே. படகுப் பாதையும் சுற்றும். மறுபக்கம், பண்ணை வைத்த உள்ளூர்க் குடும்பங்களுக்கு அது ஏற்றுமதிக் காசு. வலைக்கடன் அடைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பண்ணையை விடு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

சீனரைப் பற்றிப் பேசுவது எளிது, றோலரைப் பற்றிப் பேசுவதும் எளிது. அவர்கள் சங்க உறுப்பினர்கள் அல்ல. பண்ணைப் பிணக்கில் இரண்டு பக்கமும் சங்க உறுப்பினர்கள். ஆகவே இதுவரை சொன்ன பெரிய பிணக்குகளில் சங்கம் தன் கையாலேயே தீர்க்கக்கூடியது இதுதான். பழைய கரைவலைப் பாட்டு முறையைப் போல இதற்கும் முறை வைக்கலாம். எந்தத் துண்டில் வேலி வரலாம், எது படகுப் பாதை, எது பொறுக்கும் பெண்களுக்கு விட்ட இடம் என்று வரைபடம் ஒன்று கீறிப் பொதுக்கூட்டத்தில் ஒப்புக்கொண்டு, அதன் பிறகுதான் சங்கத்தின் சம்மதக் கடிதம் போகவேண்டும். பண்ணைக்கு விண்ணப்பித்த நிர்வாக உறுப்பினர் அந்த விண்ணப்பம் பேசப்படும்போது கூட்டத்தை விட்டு எழுந்து வெளியே இருக்கவேண்டும் என்று உபவிதியில் ஒரு வரி சேர்க்கவும் வேண்டும். கூட்டுறவு உதவி ஆணையாளரிடம் கேட்டால் உபவிதி திருத்தும் வழியைச் சொல்வார். பூநகரிச் சங்கங்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில், கணக்கறிக்கைக்கு முன்னால், இதை எடுத்தால் நல்லது. கணக்கறிக்கை முடிந்ததும் பாதிப்பேர் கலைந்துவிடுவார்கள்.